நிறம் எடுத்த தண்ணீர்

நூல் அறைக்குள் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு, இருட்டுக்குக் கண் பழகும்வரை சும்மா நிற்க வேண்டும். அம்சவேணி அந்த இரண்டு மூன்று நிமிடங்களை வீணாக்குவதில்லை. அன்றைக்கு என்ன குழம்பு, டேங்கர் லாரி எத்தனை மணிக்கு வரும், ஆடிக் காற்றில் மாடித் துணி பறக்காமல் இருக்க எங்கே கல் வைப்பது என்பதையெல்லாம் அங்கேயே தீர்மானித்துவிடுவாள். அதற்குள் எதிரே இருப்பது மெல்லத் துலங்கத் தொடங்கும். ஆளுயர நீலத் தொட்டி. அதன் வயிற்றில் பதித்த ஒரு கண்ணாடித் துண்டு. கண்ணாடிக்குப் பின்னால் பச்சையும் நீலமுமான ஒரு வெளிச்சம்.

வெயில் பட்டால் நூலின் நிறம் மங்கிவிடும் என்பதற்காக ஜன்னலே வைக்காமல் கட்டிய அறை அது. பிள்ளையார்பாளையத்தில் அவள் கணவன் மயில்வாகனத்தின் சாயப்பட்டறைக்கு வேலை வந்துகொண்டிருந்தவரை, அங்கே சுவரோடு சுவராகப் பட்டுநூல் தொங்கும். மூன்று மாதங்களாக ஓர் இழைகூட இல்லை. தொட்டியும், அதற்குள் வாழும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களும்தான் அங்கே குடியிருந்தன.

நடந்தது இதுதான். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு மயில்வாகனம் விறகடுப்பை விட்டுவிட்டு எண்ணெயில் எரியும் பாய்லர் வாங்கினான். எண்ணெய் ஊற்றி வைக்கும் இரும்புப் பெட்டியைக் கிணற்றுக்குப் பத்தடி தள்ளி மண்ணில் புதைத்தான். அந்தப் பெட்டியின் அடியில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல் விழுந்திருந்தது யாருக்கும் தெரியவில்லை. கிணறோ இரண்டு வீட்டுக்கும் பொதுவானது. பாதி இவர்கள் பக்கம், பாதி நெசவுக்காரர் வீடான ஜெயம்மாள் பக்கம். ஒருநாள் ஜெயம்மாள் சேந்திய தண்ணீரின் மேல் வானவில் மாதிரி ஒரு படலம் மிதந்தது. அவள் குடத்தோடு நேராக மயில்வாகனத்தின் வாசலுக்கு வந்து, "உன்கிட்ட சொல்லாம எழுதினேன்னு இருக்கக் கூடாது தம்பி. நாளைக்கு நான் புகார் குடுக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் புகார் எழுதினாள். அதிகாரிகள் வந்தார்கள். பெட்டியைத் தோண்டி எடுத்தார்கள். கிணறு சுத்தமாகும்வரை பட்டறையில் அடுப்பு எரியக் கூடாது என்று உத்தரவு ஒட்டினார்கள்.

தொட்டியைக் கொண்டுவந்தவள் சத்யப்ரியா. மாகறலில் விவசாயக் குடும்பத்துப் பெண். சென்னையில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாள். கிணற்று நீரைச் சிறிய மோட்டார் இழுத்துத் தொட்டிக்குள் விடும். உள்ளே சரளைக்கல்லின்மேல் ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்கள் எண்ணெயின் விஷத்தைத் தின்னும். பிறகு நீர் வடிகட்டிக்குள் நுழைந்து மறுபடி கிணற்றுக்கே போகும். இப்படித் தின்னும் பாக்டீரியாக்கள் மண்ணில் எங்கும் உண்டாம். இவற்றுக்கு மட்டும், கடலில் ஒளிர்கிற வேறொரு பாக்டீரியாவின் குணத்தை ஆய்வகத்தில் சேர்த்திருக்கிறார்கள். அதனால் அவை தின்னும்போதெல்லாம் ஒளிரும்.

தொட்டி வைத்த அன்றைக்கு நூல் அறையில் நால்வரும் நின்றிருந்தார்கள்.

"எவ்ளோ தின்னுதோ அவ்ளோ லைட்டுக்கா" என்றாள் சத்யப்ரியா. "தண்ணில எண்ணெய் கொறைய கொறைய லைட்டும் கொறையும். இந்த மீட்டர்ல நம்பர் ஐம்பதுக்குக் கீழ வந்து நின்னா, கெணறு க்ளீன்னு அர்த்தம். டெய்லி காலைல ஒரு போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்புங்க, போதும்."

"அப்போ அணைஞ்சா நல்லதாம்மா?"

"பொதுவா நல்லது. ஆனா ரெண்டு காரணம் இருக்கலாம்க்கா. தின்ன ஒண்ணும் இல்லாம அணையலாம். இல்ல, அதுங்களே செத்துப் போயிருக்கலாம். டவுட் வந்துச்சின்னா ஒரு பாட்டில்ல தொட்டித் தண்ணி புடிச்சி, பாச்சா உருண்டைய நுணுக்கி ஒரு சிட்டிகை போட்டு வெய்ங்க. அது அதுங்களுக்கு ரொம்பப் புடிச்ச சாப்பாடு. உசுரோட இருந்தா ரெண்டு மணி நேரத்துல பளிச்சுன்னு ஆயிடும்."

"பொடவைக்கு நடுவுல வெக்கிற பாச்சா உருண்டையா?" ஜெயம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "நல்ல மருமவளுங்கடி வேணி உனக்கு வந்து சேர்ந்திருக்குதுங்க. எதப் போட்டாலும் துன்னுதுங்க, துன்னுக்கினே வெளக்கும் புடிக்குதுங்க. என் வூட்ல ஒண்ணு இருக்குது, சோத்துல உப்பு கம்மின்னு மூஞ்சியத் தூக்கிக்கினு போவுது."

மயில்வாகனம் இந்தப் பேச்சு எதையும் கேட்கவில்லை. அவன் கண்ணாடிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தான். முப்பது ஆண்டுகளாக நிறத்தைத் தவிர வேறு எதையும் கூர்ந்து பார்த்து அறியாத மனிதன் அவன்.

"கிளிப்பச்சையும் இல்ல, மயில்கழுத்தும் இல்ல" என்றான் வெகுநேரம் கழித்து. "ரெண்டுக்கும் நடுவுல. இத நூல்ல ஏத்த முடியாது வேணி." பிறகு எழுந்துகொண்டு சத்யப்ரியாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "லைட்டு போச்சின்னா அடுப்பு எரிக்கலாமாம்மா?"

"எரிக்கலாம் அண்ணே."

அந்த ஒரு பதில்தான் அவன் மனத்தில் தங்கியது.

முதலில் மீட்டர் இரண்டாயிரத்துக்கு மேல் காட்டிற்று. வைகாசியில் ஆயிரம் ஆனது. ஆனி முடியும்போது முந்நூற்று நாற்பது. தொட்டியில் பாக்டீரியாக்களுக்குச் சத்தாக உப்புக்கலவை ஒரு கரண்டி போடுவதும், மோட்டார் ஓடுகிறதா என்று காது கொடுப்பதும், மீட்டரைப் படமெடுத்து அனுப்புவதும் அம்சவேணிக்கு வாசல் தெளிப்பதைப் போலப் பழகிப்போயின. முன்பெல்லாம் விடிந்தால் அவளுக்குப் பட்டறையில் நூறு வேலை இருக்கும். சோப்பும் சோடாவும் போட்டு நூலை அவித்துப் பசை எடுக்க வேண்டும். கொதிக்கும் செப்பு அண்டாவில் கழியில் கோத்த நூலைக் கணவன் புரட்டிப் புரட்டி நனைக்கும்போது, அவன் கேட்பதற்கு முன்பே சாயத்தூளை எடுத்து நீட்ட வேண்டும். பிழிந்த நூலைக் கம்பில் மாட்டி, இழை பிரிய உதறிக் காயப்போட வேண்டும். இப்போது அவளுடைய கைகள் ஜெயம்மாள் வீட்டுத் தறிக்கு ராட்டையில் ஊடைநூல் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தன.

ஆடி பிறந்தது. வெளிச்சம் முந்நூற்று நாற்பதிலேயே நின்றுவிட்டது. பன்னிரண்டு நாட்கள் ஆகியும் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

மூன்றாம் வெள்ளிக்கிழமை அதிகாரி வருவதாக இருந்தது. எண் ஐம்பதுக்குக் கீழே வந்திருந்தால் தற்காலிக அனுமதி கிடைக்கும். கிணற்றுத் தண்ணீரைப் புட்டியில் எடுத்துப் போய்ச் சோதித்து வரும் முடிவுக்கு மேலும் ஒரு மாதமாகும். எண் இறங்காவிட்டால் அதிகாரியின் அடுத்த வருகை ஐப்பசியில்தான். ஆவணி முகூர்த்தப் புடவைகளுக்கான நூல் முழுவதும் வேறு பட்டறைகளுக்குப் போய்விடும். ஒருமுறை கைமாறிய நூல் திரும்பி வருவது அருமை. ஏற்கெனவே பட்டறையின் ஆட்கள் இருவரில் ஒருவர் ஓரிக்கைப் பக்கம் கட்டட வேலைக்குப் போய்விட்டார். மயில்வாகனம் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் ஒரு நாளைக்குப் பத்து முறை நூல் அறைக்குள் போய் வந்தான்.

"சோம்பேறிங்க வேணி இதுங்க. மிச்சத்தத் துன்னாம ஒக்காந்துக்கினு இருக்குதுங்க."

"கடைசியில கொஞ்சம் ஸ்லோவாத்தான் போவும்னு சத்யா சொல்லிச்சி இல்ல?"

"அதுக்கு இன்னா? அது சம்பளத்துக்குப் படிக்குது."

செவ்வாய்க்கிழமை காலை அம்சவேணி வழக்கம்போல் இருட்டில் நின்றாள். குழம்பை முடிவு செய்தாள். துணியை முடிவு செய்தாள். எதிரே ஒன்றும் துலங்கவில்லை. இன்னும் சற்று நின்றாள். பிறகு கைபேசியின் விளக்கை ஏற்றி மீட்டரைப் பார்த்தாள். நான்கு.

அவள் வெளியே ஓடிவந்து கூவியதில் மயில்வாகனத்தின் கையிலிருந்த காபி டம்ளர் தளும்பியது. "நாலா? ஒழுங்காப் பாத்தியா? நாலா?" என்று கேட்டுவிட்டு அவனே உள்ளே போனான். திரும்பி வரும்போது அவன் முகம் கல்யாண வீட்டு மாப்பிள்ளையின் முகம்போல இருந்தது. சத்யப்ரியாவிடமிருந்து கைதட்டும் படங்கள் வரிசையாக வந்தன. "சூப்பர்க்கா!! நான் கோயம்புத்தூர்ல ஒரு மீட்டிங்ல இருக்கேன். வெள்ளிக்கிழமை வர முடியாது. ரீடிங் எல்லாம் ஆபீசருக்கு நானே அனுப்பிடறேன்" என்று செய்தியும் வந்தது.

மயில்வாகனம் அப்போதே சட்டையைப் போட்டுக்கொண்டு கிணற்றடியைத் தாண்டிப் போனான்.

"அக்கா! ஜெயம்மாக்கா! கெணறு நல்லதாயிடுச்சிக்கா. லைட்டு நின்னுபோச்சி."

"நெசமாவா தம்பி?" தறிக்குழிக்கு அருகில் பாவில் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்த ஜெயம்மாள் எழுந்தே விட்டாள். "என் வயித்துல பால வார்த்தப்பா. இந்த வருசம் அம்மனுக்குக் கேன் தண்ணியில கூழு காச்சணுமேன்னு நான் தூங்கவே இல்ல. முப்பது வருசமா இந்தக் கெணத்துத் தண்ணிதான் ஊத்தினது."

தெருமுனை அம்மனுக்கு ஆடி மூன்றாம் வெள்ளியில் கூழ் காய்ச்சி வார்ப்பது ஜெயம்மாள் வீட்டுப் பொறுப்பு. புதன்கிழமை கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைப்பாள். வியாழன் சாயங்காலம் நொய்யைப் போட்டுக் காய்ச்சுவாள். வெள்ளியன்று படைத்த பிறகு தெரு முழுவதற்கும் ஊற்றுவாள். படைப்பதற்கு முன்பு யாரும் வாயில் வைத்துப் பார்ப்பதில்லை.

புதன்கிழமை உப்புக்கலவை போடுவதற்காக அம்சவேணி தொட்டியின் மூடியைத் திறந்தாள். குப்பென்று ஒரு நெடி மூக்கில் ஏறிற்று. கந்தகத்தைப் போலக் கண்ணைக் கரிக்கும் நெடி. அவளுக்கு அதை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சாயம் தப்பிப்போன நூலிலிருந்து ஹைட்ரோ தூள் போட்டு நிறம் எடுக்கும் நாட்களில் பட்டறை முழுவதும் அந்த நெடிதான் அடிக்கும்.

அவள் மோட்டாரை நிறுத்தினாள். ஒரு புட்டியில் தொட்டித் தண்ணீரைப் பிடித்தாள். ஞாயிறுதோறும் மாதிரிக்காக எடுத்து வைக்கும் பழைய புட்டி ஒன்றும் அலமாரியில் இருந்தது. பீரோவைத் திறந்து, தன் கல்யாணப் புடவையின் மடிப்பிலிருந்து ஒரு பாச்சை உருண்டையை எடுத்து, அம்மிக்குழவியின் முனையால் நுணுக்கினாள். இரண்டு புட்டியிலும் ஒவ்வொரு சிட்டிகை போட்டுக் குலுக்கி, நூல் அறையில் வைத்துச் சாத்தினாள்.

அந்த இரண்டு மணி நேரத்தில் அவள் சோறு வடித்தாள், கீரை ஆய்ந்தாள், ஆய்ந்த கீரையை மறுபடியும் ஆய்ந்தாள்.

கதவைத் திறந்து உள்ளே போய் நின்றபோது ஞாயிற்றுக்கிழமைப் புட்டி நன்றாகவே தெரிந்தது. அவள் விரல்களின் கணுக்கள்கூடத் தெரியும் அளவுக்கு அது ஒளிர்ந்தது. அதன் பக்கத்தில் இருந்த புதிய புட்டியைத் தடவித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

மயில்வாகனம் பட்டறையில் பெரிய செப்பு அண்டாவைக் கவிழ்த்துப் போட்டுப் புளி தேய்த்து விளக்கிக்கொண்டிருந்தான். மூன்று மாதக் களிம்பு போய்ச் செம்பு பளபளத்தது.

"ஏங்க, தொட்டியில இன்னா போட்டீங்க?"

"நான் இன்னாத்தப் போட்டேன்?"

"மூடியத் தொறந்தா ஹைட்ரோ நாத்தம் அடிக்குது. என் மூக்குகிட்ட பொய் சொல்லாதீங்க."

அவன் தேய்ப்பதை நிறுத்தினான். "ரெண்டு கை போட்டேன், திங்கக்கெழம மத்தியானம். அதுக்கு இன்னா இப்போ? நின்ன எடத்துலயே நின்னுக்கினு இருந்துச்சி. வயலட்டுல முக்கி எடுத்த நூலையே கால்மணி நேரத்துல வெளுக்க வெச்சவன் நானு. கடைசிக் கறை எறங்கலன்னா ஹைட்ரோ போடாம இன்னா பண்ணுவாங்க? கொஞ்சம் அள்ளி வுட்டேன். எறங்கிடுச்சா, இல்லியா?"

அவன் பெருமையாகத்தான் சொன்னான். அவனைத் திட்டுவதற்கென்று அவள் கொண்டுவந்த சொற்கள் அந்தப் பெருமையைப் பார்த்ததும் உதவாமல் போயின. அவன் ஏமாற்றவில்லை. அவனுக்கு நிறம் என்றால் நூலில் ஏற்றுவது அல்லது நூலிலிருந்து எடுப்பது. மூன்றாவதாக ஒன்று உண்டு என்று அவன் கைக்குத் தெரியாது.

"அது கலரு இல்லீங்க" என்றாள் அவள் தணிந்த குரலில். "உசுரு. எல்லாத்தையும் சாவடிச்சிட்டீங்க. எண்ணெய் அப்படியேதான் இருக்குது."

புட்டிகளைப் பற்றிச் சொன்னாள். அவன் நம்பவில்லை. அறைக்குள் போனான். வெகுநேரம் கழித்து வெளியே வந்து, விளக்கிய அண்டாவின்மேல் உட்கார்ந்தான்.

"எல்லாமேவா செத்துப்போச்சி?"

"எல்லாமேதான்."

"ஒண்ணு ரெண்டாவது இருக்காது?"

தெருவில் எங்கோ விசைத்தறியின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் அவன் குரல் மாறியது.

"வேணி, இங்க பாரு. நாளானிக்கி அந்தாளு வருவான். மீட்டரப் பாப்பான். நாலு இருக்கும். எழுதிக் குடுத்துட்டுப் போயிடுவான். தண்ணி டெஸ்ட்டு வர ஒரு மாசம். அந்த ஒரு மாசத்துல ஆவணி நூல முடிச்சிக் குடுத்துடுவேன். அப்புறம் நானே சத்யாவக் கூப்ட்டு, அம்மா, தொட்டி கெட்டுப்போச்சி, புதுசா வெய்யின்னு சொல்றேன். யாருக்கு இன்னா நஷ்டம்?"

"ஜெயம்மாக்காவாண்ட போய் கெணறு நல்லதாயிடுச்சின்னு சொன்னது யாரு?"

"குடிக்க வேணாம்னு சொல்லிக்கலாம்..."

"இன்னான்னு சொல்லிப்பீங்க? அதையும் நீங்களே போய்ச் சொல்லுங்க. நான் சொன்னேன்னா, கட்டினவனக் காட்டிக் குடுத்தவன்னு நாளைக்கு நீங்களே சொல்லுவீங்க. நீங்க கெணத்தத் தொறந்து வுட்டீங்க, நீங்களே மூடுங்க. நாளைக்கு அவங்க கூழு அடுப்பு மூட்டறதுக்குள்ள."

சொல்லிவிட்டாளே தவிர அவளால் இருப்புக்கொள்ளவில்லை. சாயங்காலம் கிணற்றடியைத் தாண்டி ஜெயம்மாள் வீட்டுப் பின்கட்டுக்குப் போனாள். அங்கே இரண்டு பெரிய மண்பானைகளின் வாயில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. மாவு புளிக்கத் தொடங்கியிருந்த வாசம்.

"அக்கா, மீட்டர இன்னொரு தபா சரி பாக்கணுமாம். அதுவரைக்கும் குடிக்க மட்டும் வேணாமே."

"யாருடி குடிச்சா? மொதல் தண்ணி அம்மனுக்கு. அப்புறந்தான் எங்க வாய்க்கு. என் பேரப்புள்ள கூடக் கேட்டுது, ஒரு சொட்டு குடுக்கலியே" என்று ஜெயம்மாள் சிரித்தாள். "உன் வூட்டுக்காரனச் சொல்லு, நாளைக்கு அஞ்சு மணிக்கெல்லாம் வந்துடணும். அண்டாவத் தூக்கி அடுப்புல வெக்க அவன் தோளு வேணும். எம்புள்ள வசந்து ஒத்த ஆளாத் தூக்க மாட்டான், தறியில ஒக்காந்து ஒக்காந்து இடுப்பு போச்சி அவனுக்கு."

அம்சவேணி தலையாட்டிவிட்டு வந்தாள். அந்தத் தலையாட்டலை நினைத்து இரவெல்லாம் புரண்டு படுத்தாள். பக்கத்தில் படுத்திருந்தவனும் தூங்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். இருவரும் ஒருவருக்கொருவர் தூங்குவதுபோல் காட்டிக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை பகல் முழுவதும் மயில்வாகனம் பட்டறையிலேயே இருந்தான். கழிகளை எடுத்துத் துடைத்தான். துடைத்த கழிகளை மூலையில் சாத்தினான். சாப்பிடக் கூப்பிட்டபோது வந்து உட்கார்ந்து, மோர் சோற்றைப் பிசைந்து, பாதியில் கை கழுவினான். மூன்று மணிக்கு இரண்டு தூறல் விழுந்து நின்றது. ஐந்து மணி நெருங்கும்போது ஜெயம்மாள் வீட்டுப் பின்கட்டில் கொடுக்காப்புளி விறகை உடைக்கும் ஓசை கேட்டது.

"தம்பி! மயிலு! வாப்பா, நேரமாவுது!"

அவன் எழுந்தான். அம்சவேணியும் பின்னாலேயே போனாள்.

மூன்று கல் வைத்த அடுப்புக்குப் பக்கத்தில் அண்டா நிறையக் கிணற்று நீர் இருந்தது. நீரில் வேப்பிலைக் கொத்து ஒன்று மிதந்தது. அண்டாவின் கழுத்தில் மஞ்சள் துணி கட்டிப் பொட்டு வைத்திருந்தார்கள். வசந்த் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். மயில்வாகனம் மறு காதைப் பிடித்தான்.

"ஒண்ணு, ரெண்டு, தூக்குண்ணே."

வசந்தின் பக்கம் அண்டா எழும்பிற்று. இந்தப் பக்கம் அசையவில்லை. நீர் சரிந்து வசந்தின் காலில் ஊற்றியது.

"இன்னாண்ணே, நான் மட்டும் தூக்கறேன். நீ கைய வெச்சிக்கினு போஸ் குடுக்கற? போட்டோவா புடிக்கறாங்க?"

ஜெயம்மாள் சிரித்தாள். "மூணு மாசமா வூட்லயே ஒக்காந்துக்கினு துன்னா தோளு எங்க இருக்கும்? தூக்குப்பா."

மயில்வாகனம் மறுபடியும் குனிந்தான். அம்சவேணிக்கு அவன் முதுகு மட்டுமே தெரிந்தது. சட்டைக்குள் தோள் இறுகுவதும் பிறகு தளர்வதும் தெரிந்தன. அவன் தூக்கிவிடுவான் என்றே அவள் நினைத்தாள். தூக்கிவிட்டால், தான் வாயைத் திறந்தாக வேண்டும் என்பதும் அந்த நொடியில் அவளுக்கு உறுதியாயிற்று.

அவன் நிமிர்ந்தான்.

"கொட்டிடு வசந்து."

"இன்னாண்ணே?"

"இந்தத் தண்ணி வேணாம். கொட்டிடு. மாவும் வேணாம்." அவன் ஜெயம்மாளைப் பார்க்காமல் அடுப்புக் கல்லைப் பார்த்துப் பேசினான். "கெணறு நல்லதாவலக்கா. லைட்டு தானா நிக்கல. நான் ஹைட்ரோ போட்டேன். நிறம் எடுக்கற மாதிரி எடுத்துடலாம்னு போட்டேன். எல்லாம் செத்துப்போச்சி. எண்ணெய் அப்படியே இருக்குது."

வசந்த் தன் நனைந்த கால்களைப் பார்த்தான்.

"எப்போ தெரியும்?" என்று கேட்டாள் ஜெயம்மாள்.

"நேத்து... மத்தியானந்தான்கா."

"நேத்து மத்தியானம்." அவள் அதை மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். "கெணத்துல எண்ணெய் மெதந்தப்போ நான் ஒரு மணி நேரம் மனசுல வெச்சிக்கினு இருந்தேனா தம்பி? ஈரக் கொடத்தோட உன் வாசப்படியில வந்து நின்னேன். நீ எனக்கு ஒரு ராவு, ஒரு பகலு கழிச்சிச் சொல்ற. தெருப் புள்ளைங்க முன்னூறு பேருக்கு என் கையால வாரி ஊத்தியிருப்பேன். அம்மன் சோறுன்னு கண்ண மூடிக்கினு குடிச்சிருப்பாங்க."

பிறகு அவள் அம்சவேணியின் பக்கம் திரும்பினாள். "நேத்து சாயங்காலம் வந்து நின்னு மென்னு முழுங்கினியே, இதுக்குத்தானா?"

"ஆமாக்கா."

"நல்லாத்தான் ஜோடி சேர்த்து வெச்சாங்க உங்கள."

ஜெயம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டு தானே பானையின் துணியை அவிழ்த்தாள். இரண்டு பேர் தூக்க வேண்டிய பானையை அவள் ஒற்றையாளாகச் சாய்த்தாள். நுரைத்துப் பொங்கியிருந்த மாவு சாக்கடை வழியே கழுநீரோடு போயிற்று. உதவ வந்த மயில்வாகனத்தின் கையை அவள் பார்த்த பார்வையில் அது அந்தரத்திலேயே நின்றுவிட்டது. இரண்டாவது பானையும் காலியானது. வசந்த் அண்டாவைக் கவிழ்த்தான்.

"போய்க் கேன் தண்ணி பத்து வாங்கிக்கினு வாடா" என்றாள் மகனிடம். "காஞ்ச மாவு மிச்சம் இருக்குது. இந்த வருசம் ஆத்தாளுக்குப் புளிக்காத கூழுதான். அவ ஒண்ணும் சொல்ல மாட்டா. மனுசங்களுக்குத்தான் ருசி."

அதன் பிறகு அவள் செய்தது எதிர்பாராதது. கிணற்றடிக்குப் போய் ராட்டினத்திலிருந்து கயிற்றை உருவினாள். ஈரக் கயிற்றைச் சுற்றிச் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டாள். வாளியை எடுத்துக்கொண்டாள்.

"கயிறும் வாளியும் என் வூட்ல இருக்கட்டும். தண்ணி நல்லதாயிடுச்சின்னு அந்தப் பொண்ணு என் வாசல்ல வந்து சொல்லட்டும். உங்க ரெண்டு பேரு வாயால வேணாம்."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். கயிறு சொட்டிக்கொண்டே போன ஈரக்கோடு மட்டும் தரையில் நின்றது.

வீட்டுக்கு வந்ததும் அம்சவேணி கைபேசியை எடுத்தாள். மயில்வாகனம் பட்டறை நிலைப்படியில் நின்றான். போடாதே என்றும் சொல்லவில்லை, போடு என்றும் சொல்லவில்லை. மறுமுனையில் உடனே எடுத்தார்கள்.

"அக்கா! நானே கூப்பிடணும்னு இருந்தேன். இன்னிக்கி மீட்டிங்ல உங்க ரீடிங்கத்தான்க்கா காட்டினேன், எல்லாரும் கைதட்டினாங்க. நாளைக்கு பர்மிஷன் வாங்கிட்டு எனக்குத்தான் மொத போன் பண்ணணும், சரியா? அண்ணன் எனக்கு ஒரு மயில்கழுத்துத் துப்பட்டா சாயம் போட்டுத் தரணும்."

அம்சவேணி கண்ணை மூடிக்கொண்டாள்.

"சத்யா, அந்த ரீடிங்க யாருக்கும் அனுப்பாதம்மா. அதுங்க துன்னு முடிக்கல. செத்துப்போச்சி. பாச்சா உருண்டை போட்டுப் பாத்தேன். வரல. நாங்க தொட்டியில ஹைட்ரோ போட்டுட்டோம்."

மறுமுனையில் யாரோ மைக்கில் பேசிக்கொண்டிருப்பது தொலைவில் கேட்டது.

"நாங்கன்னா... யாருக்கா?"

அவள் வாயெடுப்பதற்குள் மயில்வாகனம் நிலைப்படியிலிருந்து இறங்கி வந்தான். கைபேசியை வாங்கிக்கொள்ளவில்லை, அவள் காதோரமாகக் குனிந்து அதனருகே வாயை வைத்தான்.

"நான்தாம்மா போட்டேன். அவளுக்குத் தெரியாது."

"அண்ணே..." என்றாள் சத்யப்ரியா. பிறகு மெல்ல, ஒரு கெட்ட செய்தியைச் சொல்பவளின் குரலில் சொன்னாள். "மறுபடியும் மொதல்லேர்ந்து வளர்க்கணும்ணே. தொட்டியக் கழுவி, கல்லெல்லாம் மாத்தி... ஐப்பசி ஆயிடும்."

மயில்வாகனம் பட்டறைக்குள் விளக்கி வைத்திருந்த அண்டாவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

"ஆவட்டும்மா" என்றான். "கல்ல நான் கழுவி வெக்கறேன். எதுல கழுவணும்னு மட்டும் சொல்லிடு."